நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் மெடிக்கல் ரூமில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, போன வருஷம் ஓய்வு பெற்றேன். எனக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வந்திருக்கும் நர்ஸ் போன வாரம் போன் செய்தாள். எடை பார்க்க வருகிற யாரையும் மெஷின் மேல் ஏற்றுவதற்கு முன்னால் "நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?" என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்ட பிறகே ஏற்ற வேண்டும் என்று அந்த அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அது எதற்கு என்று ஆடிட்டுக்கு வந்தவர்கள் கேட்டார்களாம். யாருக்கும் தெரியவில்லை. "பழைய சிஸ்டர் ஒட்டி வெச்சிட்டுப் போனது" என்று சொல்லிச் சமாளித்தார்களாம். ஏதோ நான் வேண்டுதலுக்காக ஒட்டி வைத்த மாதிரி! எனக்குக் கோபம் வந்துவிட்டது. காரணத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது காற்றோடு போய்விடும், எழுதினால் நிற்கும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்தது அரக்கோணம். ரயில்வே குடும்பம். வேலூரில் நர்ஸிங் படித்தேன், இரண்டு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தேன், கல்யாணமாகி ஆம்பூர் வந்ததும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். "கம்பெனி நர்ஸா? கட்டுப் போட்டுட்டு, மாத்திரை குடுத்துட்டு, சம்பளம் வாங்க வேண்டியதுதான்" என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு நோயாளியை ஒரு வாரம் பார்ப்பாள். நான் ஆயிரத்துச் சொச்சம் பேரை வருஷக்கணக்கில் பார்த்தேன். யார் எந்தப் பிரசவத்துக்குப் பிறகு ஊதினாள், யார் எந்தச் சண்டைக்குப் பிறகு இளைத்தாள் என்பதை ரெஜிஸ்டரைத் திறக்காமல் சொல்வேன். இந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

எடை பார்ப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு சேர்ந்தேன். செவ்வாயும் வெள்ளியும் வருகிற டாக்டர் சுகுணா அம்மாதான் அந்த நினைப்பை ஒழித்தார். ஒல்லியான, குரல் உயர்த்தாத மனுஷி. யாரையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கியூவில் நிற்பவர்கள் காதில் விழுகிற மாதிரி ஒருத்தியின் எடையைச் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் என்னிடம் பேச மாட்டார். திட்டுவது அவர் வழக்கமில்லை. பேசாமல் இருப்பதுதான் அவருடைய திட்டு. எனக்கு அதைவிடத் திட்டு வாங்குவது எளிதாக இருந்திருக்கும்.

அவர் சொல்லிக் கொடுத்த முறை இது. திங்கட்கிழமை காலை, பத்துக் கிலோ இரும்பு எடைக்கல்லை மெஷினில் வைத்து, மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறுகிறவர்களின் ஏப்ரன் பாக்கெட்டைக் காலி செய்ய வேண்டும். நூல் வெட்டும் கத்தரி, செல்போன், பீரோ சாவி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ தாண்டும். உயரம் பார்க்கும்போது கொண்டையை அவிழ்க்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கொண்டையையும் சேர்த்து அளந்துவிடுவோம். இடுப்பை அளக்கும்போது பாவாடை நாடா அழுத்திய தடத்தில் டேப்பை வைக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, அவர்கள் மூச்சை விட்ட பிறகு படிக்க வேண்டும். ஆண்கள் எல்லோரும் டேப்பைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். அவர்களிடம் நான் ஊர்க் கதை ஏதாவது கேட்பேன். பதில் சொல்லும்போது வயிறு தானாக வெளியே வந்துவிடும், அப்போது படித்துவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கயிறு. ஆளின் உயரத்துக்குக் கயிற்றை அளந்து, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாவிட்டால் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கயிறு பிடிபட எனக்கு ஒரு வருஷம் ஆனது. நான் படித்ததெல்லாம் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருகிற கணக்கு. டாக்டரம்மா அந்தக் கணக்கைத் தள்ளவில்லை, ஆனால் அதோடு நிற்கவும் இல்லை.

"பச்சைத் தோலை எடை போட்டு வாங்கற வியாபாரிக்கு அதுல உப்பு எவ்ளோ, தண்ணி எவ்ளோ, சதை எவ்ளோன்னு தொட்டாலே தெரியும். மனுஷனை எடை போடறப்ப மட்டும் நாம அதைக் கேக்கறதே இல்ல, சிஸ்டர்" என்றார் ஒரு நாள்.

தோல் வியாபாரத்தில் வளர்ந்த இந்த ஊரில் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எங்கள் கம்பெனியின் தோல் பதனிடும் பிரிவில் ஈரத்தோல் மூட்டை தூக்குகிற பெருமாள் என்று ஒருவர் இருந்தார். எண்பத்திரண்டு கிலோ. கணக்குப் போட்டால் பருமன் நோயாளி. கயிறு அவர் இடுப்பைச் சுற்றி ஒரு சாண் மிச்சம் நின்றது. அத்தனையும் தசை. ஸ்டோர் கிளார்க் தயாளன் அறுபத்தொரு கிலோ, கணக்குப்படி ஆரோக்கியத்துக்கு இலக்கணம். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. கயிறு எட்டவே இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எகிறிக் கிடந்தது. "நான் ஒல்லியாச்சே சிஸ்டர், எனக்கு எப்டி?" என்று அவர் என்னோடு சண்டைக்கே வந்தார். பெருமாளைப் பட்டினி போடாமல் விட்டோம், இன்றைக்கும் சைக்கிள் மிதிக்கிறார். தயாளன் அன்றைக்குத் தொடங்கிய மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக் கால் விரல் எதுவும் இழக்காமல் ரிட்டயர் ஆனார். இரண்டுக்கும் காரணம் அந்தக் கயிறு.

இவ்வளவு தெரிந்தவள்தான் நான். அப்படிப்பட்ட நானே கவிழ்ந்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளர் ஆரோக்கியத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதோடு ஒரு மெஷினும் வந்தது. வெறுங்காலோடு நான்கு உலோகத் தகட்டின் மேல் நின்று இரண்டு கைப்பிடியைப் பிடித்தால், உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கொஞ்சூண்டு மின்சாரம் ஓடும். ஒரு நிமிஷத்தில் துண்டுச் சீட்டு வரும். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். கீழே ஒரு வட்டம். பச்சை, மஞ்சள், சிவப்பு.

கம்பெனியே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. லைன் லைனாக வந்து ஏறினார்கள். நான் பைலட் மாதிரி பக்கத்தில் நின்றேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கயிறும் டேப்பும் வைத்து நாங்கள் தடவிக்கொண்டிருந்ததை, ஒரு மெஷின் கண்ணாடி மாதிரி காட்டுகிறதே என்று எனக்குப் பிரமிப்பு. கயிற்றைச் சுருட்டி டிராயரில் போட்டேன்.

அந்த வரிசையில் வந்தவள்தான் செல்வி. மாதனூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண், முப்பத்து நான்கு வயது. பன்னிரண்டு வருஷமாக ஒரே தையல் மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோல் தைக்கிறவள். நாற்பத்தொன்பது கிலோ. சீட்டு சிவப்பு. கொழுப்பு முப்பத்தெட்டு சதவீதம்.

"எங்க மாமியாரு சொல்றதையேதான் இதுவும் சொல்லுது சிஸ்டர். எனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாம்" என்று சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, சீட்டை விட்டு அவள் கண் அகலவில்லை. காரணம் இருந்தது. அவள் லைனுக்கு சூப்பர்வைசர் போட மூன்று பெயர் எடுத்திருந்தார்கள், அதில் அவள் பெயர் ஒன்று. சூப்பர்வைசர் என்றால் நாள் முழுக்க நின்று நடக்கிற வேலை, ஆகவே ஆரோக்கியச் சீட்டு பச்சையோ மஞ்சளோ இருக்க வேண்டும் என்று அந்த வருஷம் புதிதாக விதி போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கதவு திறந்திருந்தது. அதை அந்தச் சிவப்பு வட்டம் மூடப் பார்த்தது.

"மறுபடி எடுக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

ஆறு வாரம் கழித்து எடுக்கலாம், அதற்குள் சோற்றைப் பாதியாகக் குறை என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். அவள் கையைப் பார்த்தால், தோளைப் பார்த்தால், அதில் குறைக்க ஒன்றுமில்லை என்று எந்த நர்ஸுக்கும் தெரியும். நான் அவளைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தேன்.

ஆறு வாரம் கழித்து வந்தாள். மூன்று கிலோ இறங்கியிருந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மெஷினில் ஏறினாள். கொழுப்பு நாற்பது சதவீதம் என்று வந்தது. எடை இறங்கியிருக்கிறது, கொழுப்பு ஏறியிருக்கிறது. எனக்குச் சந்தேகம் மெஷின் மேல் வந்திருக்க வேண்டும். அவள் மேல் வந்தது. சோற்றை விட்டுவிட்டு பஜ்ஜி, போண்டா என்று எதையாவது தின்கிறாயா, என்னிடம் மறைக்காதே என்று கேட்டுவிட்டேன். அவள் சீட்டை நான்காக மடித்து பர்சில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த மடிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

நான்கு நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு, தையல் லைனில் சத்தம். ஊசி உடைந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஊசி உடைந்தால் லைனே நிற்கும். உடைந்த ஊசியின் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறுபடி தைக்கலாம். ஊசி முனை ஷூவுக்குள் மாட்டி வாங்குகிறவன் காலில் குத்திவிடக் கூடாது அல்லவா. நான் போனபோது இரண்டு பேர் காந்தத்தை வைத்துக்கொண்டு தரையில் முனையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செல்வி மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்திருந்தாள். முனை அவள் ஆள்காட்டி விரலில் இருந்தது, நகத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருந்தது.

மெடிக்கல் ரூமுக்குத் தூக்கி வந்தோம். முனை மேலாகத்தான் இருந்தது. எடுத்துக் கட்டுப் போட்டேன், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும் ஏற்பாடு செய்தேன். லைன் உற்பத்தியைக் கவனிக்கிற லைன்காரர் வாசலில் நின்று, "சிஸ்டர், அந்த முனைய குடுத்துடுங்க, ரெஜிஸ்டர்ல ஒட்டணும்" என்றார். கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு அவளிடம் திரும்பினேன். நாக்கு காய்ந்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன். மெதுவாகத்தான் இறங்கியது. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்துவிட்டு, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாய் என்று கேட்டேன்.

"காலைல வூட்ல, சிஸ்டர்."

அவள் கம்பெனி பஸ் ஏறுவது ஆறரை மணிக்கு. அப்போது மணி மூன்றரை.

"ஏம்மா?"

"போவணும்னா டோக்கன் கேக்கணுமே."

டோக்கன் எனக்குத் தெரிந்ததுதான். கம்பெனியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஷூ அடிப்பாகத்தின் வடிவத்தில் தோலை வெட்டி, லைன் நம்பர் எழுதி, கயிறு கோர்த்து சூப்பர்வைசர் மேஜை ஆணியில் மாட்டியிருப்பார்கள். நாற்பது பேர் லைனுக்கு இரண்டு. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டால்தான் எழுந்து பாத்ரூம் போகலாம். யார் எத்தனை முறை எடுத்தார்கள் என்று ஒரு பார்வையும் இருக்கும். நானும் தினம் அந்த ஆணியைக் கடந்துதான் போய்வந்தேன். எனக்குத் தனிப் பாத்ரூம் இருந்தது, அதனால் அதற்கு மேல் யோசித்ததில்லை.

"சூப்பர்வைசருக்குப் பேரு குடுத்ததுல இருந்து நான் டோக்கனே எடுக்கறதில்ல சிஸ்டர். அடிக்கடி எழுந்து போறவன்னு பேரு வந்துட்டா? தண்ணி குடிச்சாத்தான போவணும், அதான் குடிக்கறதே இல்ல."

இதைச் சொல்லும்போது அவளிடம் வருத்தம்கூட இல்லை, ஏதோ சாமர்த்தியத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அந்த மெஷினோடு வந்த புத்தகத்தில் ஒரு வரி படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மின்சாரம் உடம்பில் ஓடுவது தண்ணீர் வழியாக. தசையில் தண்ணீர் அதிகம், கொழுப்பில் குறைவு. மின்சாரம் எங்கே தடுமாறுகிறதோ அங்கே கொழுப்பு என்று மெஷின் கணக்குப் போடும். உடம்பே காய்ந்து கிடந்தால், அது வறட்சியா கொழுப்பா என்று மெஷினுக்குத் தெரியாது. பதவி வேண்டும் என்று தண்ணீரை விட்டாள். தண்ணீரை விட்டதால் சீட்டு சிவப்பானது. சிவப்பானதால் நான் சோற்றையும் விடச் சொன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்டரம்மாவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன், பஜ்ஜி போண்டா உட்பட. அவர் டிராயரைத் திறந்து, கயிற்றை எடுத்து, சுருள் பிரித்து மேஜை மேல் வைத்தார். பிறகு செல்வியை வரச் சொன்னார். கைகளைத் தேய்த்துக்கொண்டு, அவள் மேல்கையின் பின்புறம், தோள்பட்டைக்குக் கீழே, இடுப்புப் பக்கம் என்று மூன்று இடத்தில் தோலை மடித்து, மடிப்பின் தடிமனைக் கிடுக்கி மாதிரி இருக்கும் அளவியால் ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை அளந்தார். கயிறு கட்டினார். நான்கு விரல் மிச்சம் இருந்தது.

"இந்த உடம்புல நாப்பது சதவீதம் இல்ல, சிஸ்டர். ஆனா நாம சொன்னா யார் நம்புவா? காட்டணும்" என்றார்.

அடுத்த பத்து நாள்தான் என் வேலைக் காலத்தில் நான் மிகவும் பெருமைப்படுகிற நாட்கள். செல்வியோடு சேர்த்து அந்த லைனில் சிவப்புச் சீட்டு வாங்கிய ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தேன். ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தேன். மெடிக்கல் ரூம் பாத்ரூமை அவர்களுக்குத் திறந்துவிட்டேன். டோக்கன் கேட்டால் காட்ட என் கையெழுத்துப் போட்ட மருத்துவச் சீட்டு. லைன்காரர் வந்து, உற்பத்தி குறைகிறது, பேஜார் பண்ணாதீங்க என்றார். மயக்கம் போட்டு லைன் நின்றபோது எவ்வளவு உற்பத்தி ஆனது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அவசரப்பட்டு முதல் நாளே ஒரு தப்பும் செய்தேன். செல்வியை ஒரு லிட்டர் குடிக்க வைத்து உடனே மெஷினில் ஏற்றினேன். கொழுப்பு இறங்குவதற்குப் பதில் ஒரு புள்ளி ஏறியது. எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். இப்போது ஊற்றிய தண்ணீர் இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது, உடம்புக்குப் போய்ச் சேரவில்லை, மெஷின் அதை வெறும் எடையாகத்தான் எண்ணும், நேற்றும் முந்தாநாளும் குடித்ததுதான் இன்றைக்குக் கணக்கில் வரும் என்றார். சுவரில் "நேற்று" என்று இருப்பது இதனால்தான். யாரும் அதை "இன்று" என்று மாற்றிவிடாதீர்கள்.

பத்து நாளும் ஒரே நேரத்தில், ஒன்றுக்குப் போய்விட்டு வந்த பிறகு, காலில் ஒட்டியிருக்கும் சொல்யூஷன் பசையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஏற்றினேன். ஆறு பேருக்கும் இறங்கியது, ஆளுக்கு ஒரு அளவு. செல்விக்கு நாற்பதிலிருந்து முப்பத்து நான்கு. சோறும் பழையபடி சாப்பிட ஆரம்பித்து எடை ஏறியிருந்தது. சீட்டு மஞ்சள்.

எல்லாச் சீட்டையும் வரிசையாக ஒட்டி எடுத்துக்கொண்டு நானும் டாக்டரம்மாவும் பர்சனல் மேனேஜர் அன்வர் சாரிடம் போனோம். நல்ல மனுஷர், ஆனால் காகிதத்தில் வந்ததை மட்டும் நம்புகிறவர். ரம்ஜான் மாதம். நோன்பில் இருந்தார். முழுவதும் படித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"சிஸ்டர், இந்த ரிப்போர்ட் வெளிநாட்டுக்குப் போய்டிச்சி. மெஷின் தப்புன்னு சொன்னா ஏன்னு கேப்பான். எங்க ஆளுங்க தண்ணி குடிக்கறதில்லன்னு எழுதினா, அது ஏன்னு கேப்பான். நான் இன்னா பதில் சொல்றது?"

டாக்டரம்மா பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் என்னைப் பேசச் சொல்கிறார் என்று அர்த்தம் என எனக்கு அதற்குள் பழகியிருந்தது. சார் நோன்பில் இருக்கிறார், இப்போதே வந்து ஒரு தடவை மெஷினில் ஏறட்டும், பெருநாள் முடிந்து பத்து நாள் கழித்து இதே நாலு மணிக்கு இன்னொரு தடவை ஏறட்டும், அதுவரை சூப்பர்வைசர் லிஸ்ட்டை மட்டும் நிறுத்தி வையுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றேன். சிரித்தார். ஆனால் வந்தார். செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்து ஏறினார். சீட்டு சிவப்பு. கொழுப்பு முப்பத்து மூன்று, ஆண்களுக்கு அதுவே சிவப்பு.

"பெருநாள் பிரியாணிக்கு அப்பறம் ஏறினா மெஷினே ஒடஞ்சிடும், சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் செல்வி என் அறைப் பக்கமே வரவில்லை. பாட்டிலை நிரப்பிக்கொள்வாள், என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவாள், போய்விடுவாள். லிஸ்ட் நின்றிருப்பது அவளுக்குத் தெரியும். மற்ற இரண்டு பேர் சீட்டும் பச்சை என்பதும் தெரியும். அன்வர் சார் மறந்துவிட்டால், அல்லது மெஷின் எனக்கு எதிராகப் பேசிவிட்டால், அவள் இன்னும் பன்னிரண்டு வருஷம் அதே ஊசி முன்னால் உட்கார வேண்டியதுதான். எனக்குத் தூக்கமே சரியாக இல்லை.

பெருநாள் முடிந்து பத்தாவது நாள், சரியாக நாலு மணிக்கு அவரே வந்தார். ஏறினார். எடை ஒரு கிலோ கூடியிருந்தது. பிரியாணி தன் வேலையைச் செய்திருந்தது. கொழுப்பு முப்பது சதவீதம், வட்டம் மஞ்சள்.

அவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். பழைய சீட்டைக் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தையல் ஹாலைப் பார்த்தார்.

"நாங்க வருஷத்துல ஒரு மாசம் நோன்பு வெக்கறோம். அதுவும் சாயங்காலம் மஃரிப் ஆனா நோன்பு தொறந்துடறோம். இவங்க வருஷம் பூரா வெச்சிருக்காங்களா, சிஸ்டர்?"

நான் ஆமாம் என்று சொன்னேன்.

அவர் எழுந்து நேராக ஹாலுக்குப் போனார். ஒவ்வொரு லைன் மேஜையாகப் போய் ஆணியில் மாட்டியிருந்த தோல் டோக்கன்களைத் தன் கையாலேயே கழற்றினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்று, ஹாலில் இருந்த அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறு வாரம் ஒவ்வொரு லைன் முனையிலும் தண்ணீர்க் கேன் வந்தது. சிவப்புச் சீட்டுகள் எல்லாம் ரத்தாயின. அந்தக் கொழுப்பு மெஷினை நாங்கள் தூக்கிப் போடவில்லை. தூக்கிப் போட வேண்டிய பொருளும் அல்ல அது. ஒரே ஆளை, ஒரே நேரத்தில், ஒரே நிலையில் ஏற்றினால், போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் வித்தியாசம் சொல்லும். பக்கத்தில் டேப்பும் கயிறும் கண்ணும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செல்வி சூப்பர்வைசர் ஆனாள். முதல் நாள் நீல ஏப்ரன் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தாள். உன்னைச் சோறு குறைக்கச் சொன்னது நான், பஜ்ஜி தின்றாயா என்று கேட்டதும் நான், தப்பு என் மேல்தான் என்று அவளிடம் சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த அந்த அறையில் நான் மன்னிப்புக் கேட்டது அன்றைக்குத்தான். "விடுங்க சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மாலை உட்கார்ந்துதான் சுவரில் ஒட்டிய அந்த வரியை எழுதினேன். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அந்த ஹாலில் மயக்கம் போட்டு விழுந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சிறுநீர்க் கடுப்பு என்று என்னிடம் வருகிற கூட்டமும் வடிந்தது.

எனக்குப் பிரிவு விழா கேன்டீனில் நடந்தது. சால்வை போட்டார்கள். அன்வர் சார் பேசினார். ஓய்வுபெற்றிருந்த டாக்டரம்மா வந்திருந்தார். என் கையைத் தன் சூடான கைகளுக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன். இரண்டு தடவை செருமினேன். சத்தமே வரவில்லை.

முன் வரிசையில் தன் லைன் பெண்களோடு உட்கார்ந்திருந்த செல்வி எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், நேத்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். முந்தைய நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ரெஜிஸ்டர், மருந்து ஸ்டாக், சாவிக் கொத்து என்று ஒப்படைத்துக்கொண்டே இருந்தேன். காலையில் ஒரு காபி. மத்தியானம் ஒரு டம்ளர் தண்ணீர். அதற்கு மேல் ஞாபகம் இல்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவளே பதிலைப் புரிந்துகொண்டாள். கையில் பாட்டிலோடு மேடைக்கு வந்தாள். மூடியைத் திருகி என்னிடம் நீட்டினாள். ஆள்காட்டி விரல் நகத்தில் அந்தப் பிளவு இன்னும் நடுக்கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

"குடிங்க சிஸ்டர்" என்றாள். "டோக்கன் வோணாம்."